நாள் குறிக்கப்பட்ட இளைஞர்கள்: சேர்வராயன் மலையடியில் சாவின் முன்னறிவும் நடுகல்லும்

சேலத்துக்கு வடக்கே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் ஏற்காட்டைத் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலைத்தொகுதி, பழந்தமிழ்ப் போர்களில் பெயர் பெற்ற இரண்டு நாடுகளுக்கு நடுவே அமைந்தது. வடக்கே அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர், அதாவது இன்றைய தருமபுரி. தென்கிழக்கே வல்வில் ஓரியின் கொல்லிமலை. கருவூரைத் தலைமையிடமாகக் கொண்ட சேரர் கிளையினரான இரும்பொறை மரபினர் கொல்லியைத் தமதாக்கிக்கொண்டு, பின்னர்த் தகடூரையும் வென்றழித்த செய்தி பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தோடு தொடர்புடையது. மேற்கே தொப்பூர்க் கணவாயும், கிழக்கே சேர்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட வாணியாற்றுப் பள்ளத்தாக்கும் இவ்விரு நாடுகளையும் இணைக்கும் இயற்கை வழிகளாக இருந்தமையால், மலையின் உச்சியைக் காட்டிலும் அதன் அடிவாரமே போரின் தடயங்களை மிகுதியாகத் தாங்கியிருக்கிறது. இத்தடயங்களுள் தலையாயவை நடுகற்கள். போரில், பெரும்பாலும் ஆநிரைப் பூசலில், இறந்துபட்ட வீரனுக்கு அவன் உருவத்தையும் சில வேளைகளில் அவன் பெயரையும் பொறித்து நடப்படும் நினைவுக்கல்லே நடுகல்லாகும்.

இக்கற்களில் நிற்கும் ஆடவரைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் பெரிதும் கேட்டுவந்த கேள்விகள் அரசியல் சார்ந்தவை: எந்த மன்னனின் எத்தனையாம் ஆட்சியாண்டு, எந்த நாட்டுப் பிரிவு, யாருடைய சேவகன் என்பன. அவை தேவையான கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு அப்பால் மற்றொரு கேள்வியும் உண்டு. தன் சாவு முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட இளம் வீரன் அந்த அறிவிப்பை எவ்வாறு எதிர்கொண்டான் என்பதே அது. கிரேக்கக் காப்பியத்தின் அக்கிலீசு நெடுவாழ்வையும் புகழ் மிகுந்த குறுவாழ்வையும் எதிரெதிரே வைத்து ஒன்றைத் தேர்ந்தான். அயர்லாந்துக் கதைகளின் குகுலின், இன்று படைக்கலம் ஏற்பவன் பெரும்புகழும் குறைந்த ஆயுளும் பெறுவான் என்று குருவொருவர் கூறக் கேட்டு, அன்றே படைக்கலம் கேட்டு நின்றான். இருவரும் தனியராகவே முடிவெடுத்தவர்கள். சேர்வராயன் மலையைச் சூழ்ந்த தமிழ் நிலத்தில் இதே நிலை வேறொரு வடிவம் கொண்டது. இங்கே முன்னறிவிப்பு வீரனுக்கும் ஊருக்கும் இடையிலான ஓர் உடன்படிக்கையாக மாறியது. சாகப்போகிறவன் தனக்கு வேண்டுவதைக் கேட்டான், இருப்பவர்கள் அதைத் தரக் கடமைப்பட்டார்கள்.

போருக்கு முன் வருவதறியும் முறைகளுள் இலக்கணம் பெயர் சொல்லிக் குறிப்பது விரிச்சியாகும். பகைவர் ஆநிரையைக் கவரச் செல்வோர், ஊர்ப்புறத்தில் நெல்லும் மலரும் தூவித் தெய்வத்தைத் தொழுது நின்று, அவ்வழியே செல்லும் அயலார் தம் வேலையாகப் பேசும் சொல்லைச் செவிமடுத்து, அது நற்சொல்லா தீச்சொல்லா என்று ஆராய்ந்து பயன் கொள்வதே விரிச்சி கேட்டல். தொல்காப்பியப் புறத்திணையியல் இதனை வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைக்கிறது. வெட்சி என்பது ஆநிரை கவர்தலைக் கூறும் திணை. போர்க்களம் சென்ற தலைவனின் வரவை அறிய விரும்பும் முதுபெண்டிர் விரிச்சிக்கு நிற்கும் காட்சி முல்லைப்பாட்டிலும் இடம்பெறுகிறது. அங்கே ஓர் ஆய்மகள், பசியால் தவிக்கும் கன்றை நோக்கி உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்று ஆற்றும் சொல்லே நற்சொல்லாகக் கொள்ளப்படுகிறது. சொன்னவளுக்குத் தான் வருவது உரைப்பதாகத் தெரியாது என்பதில்தான் அச்சொல்லின் நம்பகத்தன்மை இருந்தது. விரிச்சியைக் கேட்டு நின்றவர்கள் பலர். ஆகவே அதன் விளைவும் ஒருவனுடைய தனி அறிவாக இல்லாமல் கூட்டத்தின் பொது அறிவாகவே இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி இரும்பொறை மரபிலேயே காணப்படுகிறது. கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் மன்னனுக்கு நெருங்கிய புலவர் கூடலூர்கிழார். அம்மன்னனின் வேண்டுகோளின்படி ஐங்குறுநூற்றைத் தொகுத்தவராகவும் அறியப்படுபவர். கோள்நிலை நாள்நிலை உணர்ந்தவர். பங்குனி மாதத்து இரவொன்றில் விண்மீன் ஒன்று வீழக் கண்ட அவர், அது வேந்தனுக்குக் கேடு குறிப்பது என்று உணர்ந்து அஞ்சினார்; ஏழாம் நாளில் மன்னன் இறந்தான். அந்தச் சாவுக்குப் பின் அவர் பாடியதே புறநானூற்றின் 229ஆம் பாட்டு. அப்பாட்டில் விண்மீனைக் கண்டவர்களின் கலக்கமும், தம் தலைவன் நோயின்றி இருக்க வேண்டும் என்ற அவர்களின் ஏக்கமும், ஏழாம் நாள் அரண்மனையில் யானையும் முரசும் குடையும் குதிரையும் அடைந்த நிலையும் கூறப்படுகின்றன. மன்னன் இதைக் கேட்டு என்ன செய்தான் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கற்றவரின் முன்னறிவு கற்றவரிடமே தங்கிவிட்டது. சாகப்போகிறவன் அந்த உரையாடலுக்கு வெளியே இருந்தான். பின்வந்த நாட்டார் மரபு இந்த மௌனத்தை ஏற்கவில்லை. அது நாள் குறிக்கப்பட்டவனையே நடுவில் நிறுத்திப் பேச வைத்தது.

சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்து இருளப்பட்டியில் கிடைத்த நடுகல், எழுத்துடைய நடுகற்களுள் பழமையானவற்றில் ஒன்று. அதன் எழுத்து 5 அல்லது 6ஆம் நூற்றாண்டுக்குரியதாகக் கருதப்படுகிறது. அங்கிருந்து அரூர், ஊத்தங்கரை வழியாகச் செங்கம் வரை, பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் ஆகியோர் மாறிமாறி மேலாண்மை செலுத்திய நிலப்பரப்பு முழுவதும் இத்தகைய கற்கள் பரவியுள்ளன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் செங்கம் நடுகற்களையும், அதனைத் தொடர்ந்து தருமபுரிக் கல்வெட்டுகளையும் வெளியிட்ட பின்னரே, வட்டெழுத்தில் அமைந்த இச்சிறு பதிவுகளின் அளவும் பழமையும் ஆய்வுலகுக்குப் புலனாயின. பதிவுகளின் நடை மிகச் சுருக்கமானது: ஆட்சியாண்டு, தலைவன் பெயர், வீரன் பெயர், தொறு எனப்படும் ஆநிரையைக் கவர்ந்தோ மீட்டோ அவன் பட்ட செய்தி, இறுதியில் கல் என்ற சொல். வீரனின் வயது கூறப்படுவதில்லை. அவன் நாயின் பெயர் கூறப்பட்டதுண்டு. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் இறந்துபட்ட கருந்தேவக்கத்தி என்பவனுடைய கல்லில், கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயும் பெயரோடும் உருவோடும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பேரரசர்களின் மெய்க்கீர்த்திகளில் காணக் கிடைக்காத நன்றியுணர்வு இச்சிறு கல்லில் இருக்கிறது.

ஊர் தன் பக்கத்துக் கடமையை நிறைவேற்றியதற்கான சான்று கல்லோடு முடிவதில்லை. தக்க கல்லைத் தேர்தலாகிய காட்சி, அதனைக் கொணர நாள் கொள்ளும் கால்கோள், நீராட்டுதலாகிய நீர்ப்படை, நடுதல், படையலிடும் பெரும்படை, வாழ்த்து என ஆறு படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. கள் படைத்தலும் மயிற்பீலி சூட்டலும் சங்கப் பாடல்களில் பலமுறை பேசப்படுகின்றன. இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விடப்பட்டது; உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் கல்வெட்டுகள் குறிப்பிடும் அந்நிலம், சிந்திய குருதிக்காக வழங்கப்பட்ட கொடை. எனவே ஆநிரைப் பூசலுக்குப் புறப்பட்ட இளைஞன், தான் திரும்பாவிட்டால் என்ன நிகழும் என்பதை முற்றாக அறிந்தே புறப்பட்டான் என்று கொள்ளலாம். ஊர்ப்புறத்தில் நின்ற கற்கள் அவனுக்கு முன்னோரின் நினைவாக மட்டும் இருந்திருக்க முடியாது. அவன் பெயரைத் தாங்கக்கூடிய அடுத்த கல்லுக்கான இடமும் அவற்றின் அருகிலேயே இருந்தது.

சாவு நிகழக்கூடியது என்ற நிலையிலிருந்து அது உறுதியானது என்ற நிலைக்குச் செல்வது தலைப்பலி மரபு. தலைவனின் வெற்றிக்காகவோ நலத்துக்காகவோ வீரன் தன் உயிரைத் தானே தெய்வத்துக்கு அவியாகத் தருவதை அவிப்பலி என்றும், உடலின் ஒன்பது இடங்களில் அரிந்து இறுதியில் தலையையும் அரிந்து தருவதை நவகண்டம் என்றும் வழங்குவர். மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று பிற்காலத்தார் பெயரிட்டழைக்கும் கொற்றவைக் கோயிலின் உட்சுவரில், தேவியின் காலடியில் மண்டியிட்டுத் தன் தலையை அரியப் போகும் வீரன் செதுக்கப்பட்டிருக்கிறான். நெல்லூர்ப் பகுதியின் மல்லத்தில் உள்ள பல்லவன் கம்பவர்மன் காலக் கல்வெட்டு, ஒன்பது இடங்களில் தசையரிந்து தலையையும் பிடாரிக்குத் தந்த ஒருவனையும் அவனுக்காக விடப்பட்ட நிலத்தையும் பதிவு செய்கிறது. இங்கே நாளும் இடமும் முறையும் முன்பே தெரிந்தவை. சாவை முன்னறிவிக்கத் தேவையில்லாதபடி வீரனே அதன் அறிவிப்பாளனாகவும் ஆகிறான்.

இந்த மரபுகள் அனைத்தும் வந்து கூடும் உருவம் அரவான். அருச்சுனனுக்கும் நாககன்னியான உலூபிக்கும் பிறந்த இவ்விளைஞன், வடமொழிப் பாரதத்தில் இராவான் என்ற பெயரோடு எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படும் வீரர்களுள் ஒருவன். அங்கே அவனுக்குக் களபலி கிடையாது. போர் தொடங்குமுன் வெற்றி வேண்டிக் காளிக்கு இடப்படும் நரபலியாகிய களபலி, தமிழில் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில், அதாவது தெள்ளாறெறிந்த நந்திவர்மன் காலமாகிய 9ஆம் நூற்றாண்டில், முதன்முதலாகத் தென்படுகிறது. திருமுனைப்பாடி நாட்டு வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் அதனை மேலும் விரித்தார். நடுகற்களும் தலைப்பலிச் சிற்பங்களும் மிகுந்த காலத்தில், மிகுந்த நிலத்துக்கு அண்மையில், இக்கதை வடமொழி மூலத்தில் இல்லாத புது உறுப்பாக முளைத்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம். உள்ளூர் வீரனின் சாவைப் பற்றிய நினைவே பாரதக் கதைக்குள் தனக்கோர் இடம் தேடிக்கொண்டது என்று கருதுவதே பொருத்தமாகும்.

கதையில் நாள் குறிப்பவன் சகாதேவன். பகைவனே வந்து கேட்டாலும் சோதிடத்தில் பொய் கூறாத அவன், அமாவாசை இரவில் பலியிடுவோர் வெல்வர் என்று துரியோதனனிடமே சொல்லிவிடுகிறான். பலிக்குரியவன் சாமுத்திரிகா இலக்கணங்கள் முப்பத்திரண்டும், உடலின் மயிர் எதிர்த்திசையில் நிற்கும் எதிர்ரோமமும் வாய்ந்தவனாக இருக்க வேண்டும் என்ற நிலையில் பொருந்துவோர் மிகச் சிலரே. அவர்களுள் கண்ணனும் அருச்சுனனும் இழக்க முடியாதவர்கள். துரியோதனன் அரவானிடம் நேரில் சென்று கேட்க, பெரியப்பனின் வேண்டுகோளுக்கு அவன் இசைகிறான். இதையறிந்த கண்ணன் அமாவாசைக்கு முதல் நாளே நீத்தாருக்கு நீர்க்கடன் செய்யத் தொடங்க, நாள் தவறியதோ என்று குழம்பிய ஞாயிறும் திங்களும் ஒருங்கே வந்து நிற்கின்றனர். இருவரும் கூடும் நாளே அமாவாசை என்பதால் அன்றே அமாவாசையாகிறது. குறித்த இரவில் துரியோதனன் வராமையால், தன் சொல்லிலிருந்து விடுபட்ட அரவான் பாண்டவருக்காகத் தன்னைத் தருகிறான். விதியின் நாளையே மாற்றவல்ல கண்ணன், அரவானின் சாவை மட்டும் மாற்றவில்லை என்பது இக்கதையின் மிகக் கடுமையான இடம். தெருக்கூத்துக் கலைஞர்கள் இதனை மூடி மறைப்பதில்லை. வட தமிழகத்திலும் சேலம், தருமபுரிப் பகுதிகளிலும் திரௌபதியம்மன் திருவிழாக்களில் இரவு முழுவதும் ஆடப்படும் களபலிக் கூத்தில், இளைஞன் தாயிடம் விடைபெறும் கட்டமே கூடியிருப்போரை நெடுநேரம் அழவைப்பது.

அரவான் கேட்ட வரங்களில்தான் நடுகல் மரபின் உடன்படிக்கை முழுமையாக வெளிப்படுகிறது. பலியிடப்பட்டவனாகவன்றிக் களத்தில் போரிட்டு மடிந்தவனாகவும் தான் எண்ணப்பட வேண்டும் என்பது ஒன்று. களபலிக்குப் பின்னும் போரைக் காண வேண்டும் என்பது மற்றொன்று. வில்லிபுத்தூராரிடம் சில நாளாக இருக்கும் இவ்வரம், வழிபாட்டு மரபில் பதினெட்டு நாளும் வெட்டுண்ட தலையின் கண்களால் காண்பதாக விரிகிறது. மூன்றாவது, மணமாகாமல் சாகக்கூடாது என்பது. மறுநாள் கைம்பெண்ணாகப் போகிறவளைத் தரும் பெற்றோர் இல்லாமையால், கண்ணனே மோகினியாக வந்து ஒரு நாள் மனைவியாகிறான் என்பது கூவாகத்தில் வழங்கும் மரபு. சேர்வராயனுக்குக் கிழக்கே தொடரும் கல்வராயன் மலைக்கும் அப்பால், கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் அமைந்த கூவாகம் கூத்தாண்டவர் (அரவான்) கோயிலில், சித்திரை முழுநிலவை ஒட்டிய திருவிழாவின்போது நாடெங்குமிருந்து வரும் திருநங்கையர் அரவானுக்கு மனைவியராகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தேர் அழுகளம் சேர்ந்தபின் தாலியறுத்து வெள்ளை உடுத்துகின்றனர். இதனை வேடிக்கை என்றோ விந்தை என்றோ எழுதிச் செல்வோர் பலர். ஓர் இளைஞன் சாவதற்கு முன் கேட்ட ஒன்றை, காவியத்தின் பெருவீரர் குடும்பங்கள் எதுவும் தர முன்வராத ஒன்றை, சமூகம் விளிம்பில் நிறுத்திய மக்கள் ஆண்டுதோறும் தந்துவருகிறார்கள் என்பதே அங்கு நிகழ்வது. திரௌபதி வழிபாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ப் ஹில்டபைட்டல் கூத்தாண்டவர் கோயில்களைத் தனியே ஆராய்ந்ததும், கோவை சிங்காநல்லூர் போன்ற கொங்குப் பகுதி ஊர்களிலும் அரவான் வழிபாடு உண்டு என்பதும், இவ்வழிபாட்டின் பரப்பை உணர உதவும்.

கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையில் முன்னறிவிப்பு பிறப்புக்கும் முந்தியது. குன்னுடையான் மனைவி தாமரை கடுந்தவம் செய்து பெற்ற வரத்தின்படி பிறந்த பொன்னர், சங்கர் என்னும் இருவருக்கும் விதிக்கப்பட்ட ஆயுள் 16 ஆண்டுகள். உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடப்படும் இக்கதையைக் கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் ஒலிப்பதிவு செய்தார், மு. கருணாநிதியின் பொன்னர் சங்கர் என்னும் புதினத்துக்கும் இதுவே அடிப்படை. பதினாறு வயது என்ற எல்லை தமிழருக்குப் புதியதன்று. மார்க்கண்டேயனுக்கும் அதே எல்லை விதிக்கப்பட்டது. அவன் சிவலிங்கத்தைத் தழுவிக்கொள்ள, கூற்றுவன் உதைபட்டு வீழ்ந்தான். அந்த மீட்சியை முன்னிட்டே இன்றும் திருக்கடையூரில் நீள் ஆயுள் வேண்டி மக்கள் வழிபடுகின்றனர். கோயில் சார்ந்த முனிவன் மகனுக்குக் கிட்டிய விலக்கு, ஏர் பிடித்த குடியில் பிறந்த வீரர்களுக்குக் கிட்டவில்லை. மறைந்திருந்து திருமால் எய்த கணை தன் மார்பு நூலை அறுத்துச் சென்றபோது, தன் காலம் முடிந்தது என்று அறிந்த சங்கர், தன் வாளின் மீதே வீழ்ந்து உயிர் துறக்கிறான். அதையறிந்த பொன்னரும் அவ்வாறே செய்கிறான். தீக்கனவுகளால் இதனை முன்னுணர்ந்த தங்கை தங்காள், களம் தேடிச் சென்று இருவரையும் சிறிது நேரத்துக்கு எழுப்புகிறாள். மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது படுகளத்தில் வீழ்ந்து கிடப்போரைத் தெளிநீரால் எழுப்பும் சடங்கு இதன் மறுநிகழ்வு.

இக்கதையில் கவனிக்கத்தக்கவன் சாம்புவன். பறையர் குடியில் பிறந்து, சங்கருக்கு அருகிலேயே எல்லாக் களத்திலும் போரிட்டு, இறுதியில் அவர்களோடு மடியும் இவனுக்கு எந்தத் தெய்வமும் நாள் குறிக்கவில்லை. இவனுடைய தாய் பெற்ற வரம் பற்றியும் பாட்டில் செய்தியில்லை. சாவு முன்னறிவிக்கப்படுவதே ஒரு தகுதியாக, பிறப்பின் அடிப்படையில் பங்கிடப்பட்ட மதிப்பாக இருந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அவ்வகையில் செங்கம், தருமபுரி நடுகற்கள் காவியங்களைக் காட்டிலும் நேர்மையானவை. சேவகனின் பெயரும் அவன் தலைவனின் பெயரும் ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில் நிற்கின்றன.

சேர்வராயன் மலையின் மேலே வாழும் மலையாளி மக்கள், அதாவது மலைவாழ்நராகிய பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தார் என்றும், மூத்தவன் சேர்வராயனிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கினர் என்றும் கூறுவர். மலையுச்சியில் சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக்குள் எழுந்தருளியிருக்கின்றனர். இம்மலையில் கிடைத்த புதிய கற்கால மெருகூட்டிய கற்கோடரிகள் சிறு கோயில்களில் தெய்வமாக வைத்து வழிபடப்பட்டதை 19ஆம் நூற்றாண்டில் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் அறிந்து பதிவு செய்தார். செய்தவன் பெயர் மறைந்துபோன கல்லையும் கைவிடாத அதே மனப்பாங்கு அடிவாரத்திலும் தொடர்கிறது. தருமபுரி, அரூர், ஊத்தங்கரைப் பகுதிகளில் பழைய நடுகற்கள் பல இன்று வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. கல்லிலுள்ள வட்டெழுத்தைப் படிக்க இயலாத நிலையிலும், வாளோ வில்லோ ஏந்திய அவ்வுருவத்துக்குப் பொங்கலிட்டுச் சேவல் பலியிடும் வழக்கம் நீங்கவில்லை. விதைப்புக்கும் திருமணத்துக்கும் முன் இவ்வட்டாரத்துக் கிராமக் கோயில்களில் பூக்கேட்பது, அதாவது தெய்வ உருவின் மேல் வைத்த பூ வலப்புறம் விழுகிறதா இடப்புறம் விழுகிறதா என்று பார்த்துப் பயன் அறிவது, இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒரு காலத்தில் ஊர்ப்புறத்தில் நின்று தன் நாளைப் பற்றிய சொல்லுக்குச் செவிசாய்த்த குடியினரின் வழிவந்தோர், அன்று களத்தில் வீழ்ந்தவனின் கல்லிடமே இப்போது வருங்காலத்தைக் கேட்கின்றனர்.